மஞ்சள் தீயும் கரி பிடித்த பாத்திரமும்: கோளாறு சிலிண்டரில் அல்ல, அடுப்பில்

கேள்வி: இரண்டு மாதங்களாக எங்கள் கேஸ் அடுப்பில் தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிகிறது, பாத்திரங்களின் அடியில் கரி பிடிக்கிறது. கேஸ் கம்பெனியிலிருந்து வருவதாகச் சொன்ன ஒருவர், சிலிண்டரில் கலப்பட கேஸ் வருகிறது என்றும் அது காலாவதியாகிவிட்டது என்றும் கூறி, முள் காட்டும் மீட்டர் வைத்த ‘கேஸ் சேவர்’ கருவியை 2,200 ரூபாய்க்கு வாங்கச் சொல்கிறார். முன்பணமாக 500 ரூபாய் கொடுத்திருக்கிறேன். மீதியையும் கொடுத்து வாங்கலாமா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் அடுப்புக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அரை மணி நேரத் துப்புரவு வேலைதான். அந்த மனிதர் சொன்ன இரண்டு காரணங்களுக்கும் மஞ்சள் தீக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

சமையல் கேஸ் என்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டு ஹைட்ரோகார்பன்களின், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள்களின், கலவை. அழுத்தத்தில் திரவமாக்கிச் சிலிண்டரில் அடைத்திருக்கிறார்கள். அது முழுமையாக எரிவதற்கு நாம் நினைப்பதைவிட மிக அதிகமான காற்று வேண்டும். ஒரு பங்கு புரொப்பேன் எரிய ஐந்து பங்கு ஆக்சிஜன் தேவை. காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன் என்பதால், கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 24 பங்கு காற்று. பியூட்டேனுக்கு 31 பங்கு. இந்தக் காற்றில் ஒரு பகுதியை, ஜெட் என்னும் சிறிய பித்தளைத் துளையிலிருந்து வேகமாகச் சீறும் கேஸே தன்னோடு இழுத்துக்கொண்டு மிக்சிங் டியூபுக்குள் போகிறது. மீதி, தீயைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து கிடைக்கிறது. முதல் பகுதி குறைந்தால் கேஸில் உள்ள கார்பன் முழுவதும் எரியாமல் நுண்ணிய துகள்களாகப் பிரிந்து, அந்தச் சூட்டில் பழுத்து மஞ்சளாக ஒளிர்கிறது. அதே துகள்கள்தாம் பாத்திரத்தின் அடியில் கரியாகப் படிகின்றன.

நட்டமும் சிறிதல்ல. கார்பன் முழுமையாக எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகும்போது வெளிவரும் வெப்பத்தில், பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடு ஆகும்போது கால் பங்குக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். அந்த மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு. கேஸ் கசிந்தால் மூக்கு கண்டுபிடித்துவிடும், ஏனென்றால் அதில் மணத்துக்காகவே மெர்காப்டன் சேர்த்திருக்கிறார்கள்; மோனாக்சைடுக்கு அப்படி ஒரு முன்னறிவிப்பும் கிடையாது. ஆகவே அடுப்பைச் சரி செய்யும்வரை சமையலறை ஜன்னலைச் சாத்தி வைத்துச் சமைக்காதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். ரெகுலேட்டரை அணைத்து, அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, பர்னர் தலையை எடுத்துவிட்டு மிக்சிங் டியூபுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பொங்கி வழிந்து காய்ந்த கஞ்சி, கருகிய பால் ஏடு, கரப்பான் முட்டைக்கூடு, சில வீடுகளில் மெல்லிய சிலந்தி வலை என்று காற்றின் வழியை அடைக்கும் ஏதோ ஒன்று அங்கே இருக்கும். நீளமான பாட்டில் பிரஷ்ஷால் டியூபைத் துடைத்தெடுங்கள். பித்தளை பர்னரைப் புளித் தண்ணீரில் ஊற வைத்துத் தேய்த்து, துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தி, ஈரம் சிறிதும் இல்லாமல் காய்ந்த பிறகே மாட்டுங்கள். டியூபின் வாயருகில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு இருந்தால், அது நகர்ந்து வழியை மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஜெட்டை மட்டும் நீங்கள் தொட வேண்டாம். தெருவில் கூவிக்கொண்டு வரும் பழுதுபார்ப்பவரையும் தொட விடாதீர்கள். ‘தீ நின்று எரியும்படி செய்து தருகிறேன்’ என்று ஊசியால் அந்தத் துளையை விரித்துவிட்டுப் போகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பித்தளை மென்மையான உலோகம், துளையோ முடியளவு. விரிந்த துளையில் கேஸ் அதிகமாக வரும், இழுத்துக்கொள்ளும் காற்று அதற்கு ஈடாக அதிகரிக்காது, தீ நிரந்தரமாக மஞ்சளாகிவிடும். அன்றைக்குத் தீ பெரிதாகத் தெரிவதால் வீட்டுக்காரருக்கும் திருப்தி. உங்கள் வீட்டில் இரண்டு மாதங்களுக்கு முன் யாராவது அடுப்பை இப்படிச் ‘சர்வீஸ்’ செய்திருந்தால், துப்புரவு வேலையால் பயன் இராது. அடுப்பு தயாரித்த கம்பெனியின் சேவை மையத்தில் அதே அளவு ஜெட் வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.

மஞ்சள் நிறம் எப்போதுமே காற்றுக் குறைவைக் குறிக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. உப்பில் உள்ள சோடியம் தீயில் பட்டாலும் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம்தான் வரும். உப்புப் போட்டு வேகவைத்தது பொங்கி பர்னரில் சிந்தினால் வரும். உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீரில் கழுவிய பாத்திரத்தைத் துடைக்காமல் அடுப்பில் வைத்தால், சொட்டுகள் விழும் இடத்தில் பொறிபோல் வரும். பக்கத்தில் யாராவது கூட்டிப் பெருக்கினால் தூசி பறந்தும் வரும். இதைக் கண்டு பயந்து அடுப்பையே மாற்றியவர்களை நான் அறிவேன். வேறுபாடு அறிவது எளிது. அடி வெளுத்த ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் பாதி தண்ணீர் ஊற்றி, அடியைத் துடைத்து, ஐந்து நிமிடம் தீயில் வையுங்கள். இறக்கி ஆறிய பிறகு அடியை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி கறுத்தால் கரி, அதாவது காற்றுக் குறைவு. துணி வெளுப்பாகவே இருந்தால் அது சோடியத்தின் விளையாட்டு, தானாக அடங்கிவிடும். முதலில் அடியில் ஈரம் பூப்பதைக் கண்டு கேஸில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். ஹைட்ரோகார்பன் எரிந்தால் நீராவி உண்டாகியே தீரும், குளிர்ந்த பாத்திரத்தில் அது படியும். உங்கள் வீட்டில் இரண்டு மாதமாகக் கரி பிடிப்பதால் இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

இப்போது அந்த மனிதரின் கதைக்கு வருகிறேன். சமையல் கேஸ் கெட்டுப்போவதில்லை. சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் தகட்டின் உட்புறத்தில் ‘சி-28’ என்பதுபோல் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஆண்டை நான்கு காலாண்டுகளாக ஏ, பி, சி, டி என்று பிரித்திருக்கிறார்கள். ‘சி-28’ என்றால் 2028 ஜூலை முதல் செப்டம்பருக்குள் அந்த இரும்புச் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று பொருள். அது கேஸின் ஆயுள் அல்ல. அந்தத் தேதி கடந்த சிலிண்டர் வந்தால் திருப்பி அனுப்புங்கள், அது உங்கள் உரிமை. கலப்படமும் அப்படித்தான்: மண்ணெண்ணெய் கலந்தால் அது ஆவியாகி மேலே வராமல் அடியிலேயே தங்கும், தண்ணீரும் தங்கும், எடையில் ஏமாறுவீர்கள், தீ மஞ்சளாகாது. எடையில் சந்தேகம் என்றால், கொண்டு வருபவரிடம் தராசில் நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். சிலிண்டரில் பொறித்துள்ள வெற்று எடையோடு 14.2 கிலோ சேர்த்து வர வேண்டும். தராசு கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கேஸ் எவ்வளவு மிச்சம் என்று மீட்டர் காட்டும் என்பது இன்னும் பெரிய புளுகு. சிலிண்டருக்குள் திரவம் இருக்கும்வரை அழுத்தம் அளவைப் பொறுத்ததே அல்ல, வெப்பநிலையையும் கலவையையும் பொறுத்தது. மார்கழி விடியற்காலையில் முள் இறங்கும், நண்பகலில் ஏறும். கேஸ் நிஜமாகவே தீரும் தறுவாயில்தான் சட்டென்று விழும். போதாக்குறைக்கு, ரெகுலேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இப்படி ஒன்றைச் செருகினால் கசிவதற்குக் கூடுதலாக ஒரு மூட்டு கிடைக்கிறது.

எரிதல் பற்றிய சமன்பாட்டைச் சமன் செய்யத் தெரிந்த பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். வீட்டு அடுப்பைப் பார்த்து அதைப் படிக்க எந்தப் பள்ளியும் சொல்லித் தருவதில்லை. ஏஜென்சியில் கேட்டால் அடுப்பு எங்கள் பொறுப்பல்ல என்பார்கள், அடுப்புக் கடையில் கேட்டால் கேஸ் சரியில்லை என்பார்கள். இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில்தான் ‘கம்பெனியிலிருந்து வருகிறேன்’ என்பவர் கடை விரிக்கிறார்.

ஏஜென்சியிலிருந்து உண்மையாகவே ஆய்வுக்கு ஆட்கள் வருவதுண்டு. யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, உங்கள் கேஸ் புத்தகத்தில் உள்ள ஏஜென்சி எண்ணுக்குப் பேசி உறுதி செய்த பிறகே உள்ளே விடுங்கள். அவர் தரும் எண்ணுக்குப் பேசாதீர்கள். ரப்பர் குழாயை மாற்றச் சொன்னால், அதில் அச்சிட்டுள்ள ஆண்டைப் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, கம்பி பின்னிய குழாய்க்கு ஐந்து ஆண்டு ஆயுள் உண்டு. கசிவு வாடை வந்தால் மின்சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். மீதி 1,700 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கொடுத்த 500க்கு ரசீது இருந்தால் அதன் நகலோடு ஏஜென்சிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதே தரவில்லை என்றால், கருவியோடு அவர் மறுபடி வரும் நாளில் பக்கத்து வீட்டாரையும் அழைத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.