பின்கால் குதிகாலைப் பாருங்கள்! – கராத்தே கேள்வி-பதில்

கேள்வி: ஷோட்டோகான் பாணிக் கராத்தேயில் க்ரீன் பெல்ட் வாங்கிவிட்டேன். 'குத்து வேகமாகப் போகிறது, பலம் இல்லை' என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். தினமும் 200 குத்து, 60 தண்டால் எடுக்கிறேன். இன்னும் கூட்ட வேண்டுமா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: கூட்ட வேண்டாம், குறையுங்கள். கையில் தெரியும் கோளாறுக்குப் பெரும்பாலும் காலில்தான் காரணம் இருக்கும். காலைச் சரிசெய்யாமல் 200 குத்து குத்தினால், அந்தக் கோளாறுதான் 200 முறை உடம்பில் பதியும்.

கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு சுவர் போதும். இடது கால் முன்னால் இருக்க, ஜென்குட்சு தாச்சியில் (முன்முழங்காலை மடக்கி, பின்காலை நீட்டிய நிலை) நில்லுங்கள். வலது கையால் கியாகு சுகி (முன்காலுக்கு எதிர்ப்பக்கக் கையால் விடும் குத்து) குத்தி முடித்த நிலையில், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முட்டி மட்டும் சுவரில் படட்டும். இனி மெதுவாக, ஐந்து விநாடிக்கு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். உடம்பில் எந்த இடம் முதலில் விட்டுக்கொடுக்கிறது என்று பாருங்கள். மணிக்கட்டு மடங்கினால் முஷ்டி சரியாக இறுகவில்லை. தோள் காதை நோக்கி ஏறினால், விலாப்பக்கத் தசை வேலை செய்யாமல் கழுத்துத் தசை வேலை செய்கிறது. உடம்பு மொத்தமும் பின்னால் சாய்ந்தால் எடை பின்காலில் தங்கிவிட்டது. பின்கால் குதிகால் தரையிலிருந்து எழும்பினால், தரையைத் தள்ளும் விசை கைக்கு வந்து சேரவே இல்லை. உங்கள் மாஸ்டர் சொல்லும் குறைக்கு இந்தக் கடைசிக் காரணம்தான் அதிகம் பேரிடம் இருக்கும்.

குதிகால் ஏன் எழும்புகிறது? ஒன்று, நிலை அளவுக்கு மீறி நீளமாக இருக்கும். தோள் அகலத்தைப் போலச் சுமார் இரண்டு மடங்கு நீளம் போதும். இன்னொன்று, கெண்டைக்கால் இறுக்கம். பின்பாதம் பக்கவாட்டில் 90 டிகிரி திரும்பிக் கிடந்தால் வேறொரு தொல்லை: குதிகால் தரையில் ஒட்டியே இருக்கும், ஆனால் இடுப்பு பாதி வழியில் பூட்டிக்கொள்ளும். பாதம் 45 டிகிரிக்கு உள்ளே முன்னோக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு பாதங்களுக்கும் இடையே இடுப்பளவு அகலம் கட்டாயம். ஒரே கோட்டில் வைத்து நின்றால் இடுப்பைத் திருப்பியதும் தள்ளாடுவீர்கள். எடை 60 பங்கு முன்னால், 40 பங்கு பின்னால். முன்முழங்கால் பெருவிரலுக்கு நேர் மேலே.

அடுத்து வரிசை. பின்குதிகால் தரையைத் தள்ள, இடுப்பு திரும்ப, அதன் பிறகே கை கிளம்ப வேண்டும். முழங்கை விலாவை உரசிக்கொண்டு, மேசை இழுப்பறை வெளியே வருவது போல நேராக வரட்டும். முஷ்டி கடைசிச் சாண் தூரத்தில்தான் திரும்பும். முன்னமே திருப்பினால் முழங்கை வெளியே விரிந்து குத்து வளைந்துவிடும். இடுப்புக்குத் திரும்பும் மறுகையும் குத்தும் கையும் ஒரே கணத்தில் நிற்க வேண்டும். மூச்சைச் சுருக்கமாக விடுங்கள், முழுதும் காலி செய்யாதீர்கள்.

மூன்று வாரத்துக்கு இப்படிச் செய்யுங்கள்: ஒரு பக்கத்துக்கு 10 குத்து நான்கு எண்ணிக்கையில் மெதுவாக, 10 பாதி வேகத்தில், 10 முழு வேகத்தில் பேடின் (குத்து வாங்கும் திண்டு) மீது. இரண்டு பக்கமும் சேர்த்து 60தான். பேட் முக்கியம். காற்றில் குத்தும்போது எந்தப் பிழையும் திருப்பி அடிக்காது. காற்றில் குத்துகிறபோது முழங்கையை முழுக்க நீட்டி அடிக்க வேண்டாம். மயிரிழை மடிப்பு இருக்கும்போதே தசையால் நிறுத்துங்கள். முழங்கையின் பின்பக்கம் குத்தும் வலி வருகிறதென்றால் இதைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

போட்டிகளில் வீரர்கள் பின்குதிகாலைத் தூக்கி, பாதத்தை இழுத்துக்கொண்டே கியாகு சுகி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தூரத்தை வேகமாகக் கடந்து புள்ளி எடுக்கும் முறை. அவர்கள் குதிகாலைத் தரையில் வைத்து ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள். நீங்கள் அதை இப்போதே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: 42 வயதில் சேர்ந்து நான்கு மாதமாகிறது. மவாஷி கெரி (சுற்றி வரும் உதை) பயிற்சி செய்த மறுநாள், ஊன்றி நிற்கும் காலின் முழங்கால் உள்பக்கம் வலிக்கிறது. வீட்டில் மொட்டை மாடியில் ஷூ போட்டுக்கொண்டுதான் செய்கிறேன். வயதுதான் காரணமா?
– வங்கி ஊழியர், நாகர்கோவில்

பதில்: வயதைக் குறை சொல்லும் முன் ஷூவைக் கழற்றுங்கள். மவாஷி கெரியில் உதைக்கும் கால் சுற்றி வரும்போது ஊன்றிய பாதமும் முன்மேட்டில் சுழல வேண்டும். உதை போய்ச் சேரும் நேரத்தில் அந்தக் குதிகால் ஏறக்குறைய இலக்கின் பக்கம் திரும்பியிருக்கும். ரப்பர் அடிப்பாகம் சொரசொரப்பான தளத்தைப் பிடித்துக்கொண்டால் பாதம் நிற்கும், இடுப்பு திரும்பும், நடுவில் மாட்டிக்கொண்ட முழங்கால் முறுக்கை வாங்கும். முழங்கால் மடங்கி நிமிரத்தான் வாகானது, முறுக்கலைத் தாங்காது.

வெறுங்காலோடு வழுவழுப்பான, உலர்ந்த தரைக்கு மாறுங்கள். ஒரு கை சுவரில் ஊன்றி, ஐந்து எண்ணிக்கையில் செய்யுங்கள்: முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் தூக்கு, ஊன்றிய குதிகாலைத் திருப்பு, நீட்டு, மடக்கு, இறக்கு. இரண்டாவது எண்ணிக்கை முடியாமல் மூன்றாவதுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான் விதி. இடுப்பு உயரத்துக்கு மேல் இரண்டு மாதத்துக்கு வேண்டாம். கிபா தாச்சியில் (கால்களைப் பக்கவாட்டில் அகட்டி, முழங்காலை மடக்கிய நிலை) நிற்கும்போது முழங்கால்கள் உள்பக்கம் சரிகின்றனவா என்றும் கண்ணாடியில் பாருங்கள். சரிந்தால் நிலையின் அகலத்தைக் குறைத்துவிடுங்கள்.

முழங்கால் வீங்கினாலோ, நடுவில் பூட்டிக்கொண்டாலோ, படியிறங்கும்போது நழுவுவது போலிருந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு தொடராதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. வகுப்பில் சிமென்ட் தரையில் முஷ்டி ஊன்றித் தண்டால் எடுக்கச் சொல்கிறார்கள். எலும்பு பலப்படும் என்கிறார்கள். உண்மையா? ஒரு வருடத்தில் பிரவுன் பெல்ட் கிடைக்கும் என்றும் சொல்கிறார்கள்.
– இல்லத்தரசி, திருச்சி

பதில்: கூடாதும்மா. அந்த வயதில் எலும்பின் முனைகளில் வளரும் பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது. அங்கே திரும்பத் திரும்ப அடியும் அழுத்தமும் விழுந்தால் பலம் கூடாது, காயம்தான் ஆகும். உள்ளங்கை ஊன்றி, தேவைப்பட்டால் முழங்காலும் ஊன்றி எடுக்கட்டும். மகிவாரா என்ற குத்துப் பலகை, ஓடு உடைப்பது எதுவும் குழந்தைகளுக்கு வேண்டாம். மாஸ்டரிடம் தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள். கேட்டு மாற்றிக்கொள்பவர் நல்ல ஆசிரியர். 'அப்படியென்றால் அழைத்துப் போங்கள்' என்பவரிடமிருந்து அழைத்துப் போய்விடுங்கள்.

பெல்ட் விஷயம்: ஒவ்வொரு கிரேடிங்குக்கும் (பெல்ட் தேர்வு) இடையே குறைந்தது மூன்று மாதமாவது விடுவதும், ஒழுங்காக வந்தால் பிளாக் பெல்ட்டுக்கு நான்கைந்து வருடம் ஆவதும்தான் பொதுவான நடைமுறை. ஒரு வருடத்தில் பிரவுன் என்பது கிரேடிங் கட்டணத்துக்கான கணக்கு. ஒரு நாள் வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் உங்கள் மகனின் பெயரைச் சொல்லி, ஒரு தடவையாவது கையையோ காலையோ திருத்துகிறார்களா? அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

கேள்வி: வீடியோ பார்த்து எட்டு கட்டா (வரிசையாகக் கோத்த அசைவுகள்) கற்றுக்கொண்டேன். மாவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டேன். என்ன குறை?
– வாசகர், சேலம்

பதில்: எட்டில் ஏழை ஆறு மாதத்துக்கு ஒதுக்கி வையுங்கள். ஹெய்யான் ஷோடான் என்ற தொடக்கநிலைக் கட்டா ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 21 அசைவுகள்தான். வீடியோவில் அசைவு தெரியும், எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது தெரியாது.

தொடங்கும் இடத்தில் இரண்டு பாதத்தையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். கட்டா முடியும்போது அதே கோட்டுக்குள் வந்து நிற்க வேண்டும். நடுக்கோட்டில் முன்னே போகும்போது மூன்று ஆகே உகே (மேல்நோக்கித் தடுப்பது), திரும்பி வரும்போது மூன்று ஓய் சுகி (அடி எடுத்துவைத்துக் குத்துவது). கோட்டைத் தாண்டிப் பின்னால் போய் முடித்தால் ஓய் சுகி அடிகள் நீளமாகிவிட்டன. கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டால் அவை குறுகிவிட்டன. இந்த வேறுபாடு நடுவருக்கும் தெரியும்.

அதிகம் பேர் தடுமாறும் இடம், 9-வது அசைவில் கியாய் (உரத்த முழக்கம்) கொடுத்துவிட்டு வலது காலை அச்சாக்கி 270 டிகிரி சுற்றி இடது கெடான் பராய்க்கு (கீழ்நோக்கித் தடுப்பது) போகும் திருப்பம். இடது காலை வெளிவட்டமாக வீசுகிறார்கள். பாதம் வலது காலின் பின்கோட்டிலேயே விழுந்து, நிலை குறுகி, உடம்பு ஆடும். அந்தக் கால் முதலில் வலது காலின் பக்கம் உள்ளே வந்து, பிறகு வெளியே போக வேண்டும். தலை முதலில் திரும்பட்டும். இந்த ஒரு திருப்பத்தை மட்டும் தினம் 15 முறை செய்யுங்கள். 18-வது அசைவிலும் இதே திருப்பம் வரும். அங்கே கோகுட்சு தாச்சி (பின்காலில் எடை தங்கும் நிலை) என்பதால் எடை 70 பங்கு பின்காலில் உட்கார வேண்டும்.

கேள்வி: ஒலிம்பிக்கில் கராத்தே இனி வருமா?
– பள்ளி மாணவி, தூத்துக்குடி

பதில்: 2021-ல் நடந்த டோக்கியோ 2020 போட்டியில் மட்டும் இருந்தது. 2024 பாரிஸில் இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் பட்டியலிலும் இல்லை. ஆசிய விளையாட்டில் 1994 ஹிரோஷிமா முதல் இருக்கிறது. அதைக் குறிவைத்துப் பழகும்மா.

கேள்வி: நான் பிரவுன் பெல்ட். அரசுப் பள்ளியில் 8, 9-ஆம் வகுப்பு மாணவியருக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு வந்திருக்கிறது. ஒரு வகுப்பில் 40 பேர். எதைச் சொல்லிக்கொடுப்பது?
– பயிற்றுநர், மதுரை

பதில்: சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் 6 முதல் 12-ஆம் வகுப்பு மாணவியருக்கு நடக்கும் இந்த மூன்று மாதப் பயிற்சியில், பெரும்பாலோர் வரிசையில் நிறுத்தி எண்ணிக்கை சொல்லிக் குத்தவைத்து, கடைசியில் ஆண்டு விழாவுக்கு ஒரு கட்டா பழக்கி முடித்துவிடுகிறார்கள். வரிசைப் பயிற்சி கெட்டதல்ல. 1901 வாக்கில் கராத்தே ஆசான் அங்கோ இடோசு, ஜப்பானின் ஒகினாவாத் தீவில் பள்ளிக்குள் கராத்தேயைக் கொண்டுபோனபோது, கூட்டமாகக் கற்பிக்கத்தான் பாடத்தை எளிமையாக்கினார். ஆனால் அங்கே பிள்ளைகளுக்குப் பல வருடம் இருந்தது. உங்களிடம் மூன்று மாதம்தான் இருக்கிறது. ஹை கிக், கட்டா, முஷ்டிக் குத்து மூன்றையும் விட்டுவிடுங்கள். பழகாத முஷ்டியால் தாடையில் குத்தினால் சுண்டுவிரல் பக்கத்து எலும்புதான் முறியும். உள்ளங்கையின் அடிமேட்டால் மூக்கு, முகவாய் மீது அடிப்பது, முழங்காலால் தொடையிடுக்கில் இடிப்பது, குதிகாலால் புறங்காலை மிதிப்பது, மணிக்கட்டுப் பிடியை விடுவிப்பது – இந்த நான்கு போதும்.

மணிக்கட்டுப் பிடியை நன்றாகக் கற்றுக்கொடுங்கள், அதுதான் அதிகம் சொதப்புகிறது. பிடித்த கையில் வலுக்குறைந்த இடம், கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொடும் இடைவெளி. மாணவி தன் மணிக்கட்டைத் திருப்பி, கட்டைவிரல் பக்கத்து மெல்லிய விளிம்பை அந்த இடைவெளிக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். பிறகு முழங்கையை மடக்கிப் பிடித்தவரை நோக்கி ஓரடி முன்னே வைத்து, கையைத் தன் எதிர்த் தோளை நோக்கித் தூக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் முதலில் செய்வது நேர் பின்னால் இழுப்பது. அப்போது எடை பின்னால் சாய்கிறது, பிடித்தவர் இழுத்துக்கொண்டு போய்விடுவார். கையைக் கவனிக்காமல் காலைக் கவனியுங்கள்: முன்னே வைத்தாளா, பின்னே வைத்தாளா? அந்த ஓரடி சரியானால் மெலிந்த பிள்ளைக்கும் பிடி விடும்.

அடுத்த தவறு ஜோடியில் நடக்கும். தோழி என்பதால் பிடியைத் தானே விட்டுவிடுவார்கள். மூன்று படியாக வையுங்கள்: தளர்வாக, பாதி பலத்தோடு, முழுப் பலத்தோடு. மூன்றாவது படியில் விடுபடாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறுகையால் தன் முஷ்டியையே பிடித்துத் தூக்கவும், புறங்காலை மிதித்துவிட்டு மீண்டும் முயலவும் அங்கேதான் சொல்லித்தர வேண்டும்.

40 பேரை 20 ஜோடியாக இரண்டு வரிசையில் எதிரெதிரே நிறுத்துங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வரிசை மட்டும் ஓரிடம் நகரட்டும். எதிர் வரிசையில் உள்ள உயரமானவள், பலசாலி, கூச்சக்காரி எல்லோரையும் ஒவ்வொருவரும் பிடித்துப் பார்ப்பார்கள். ஒரு வகுப்பில் ஒரே ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். செய்து காட்ட ஒரு மாணவியைத் தொட வேண்டியிருந்தால் ஆசிரியை முன்னிலையில், அவளிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். முடியாத நாளில் காரணம் சொல்லாமலே உட்கார்ந்துகொள்ளலாம் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.

இரண்டாம் மாதத்திலிருந்து சீருடை, செருப்பு, முதுகில் புத்தகப் பை எல்லாம் அணிந்தபடியே பழகட்டும். குரலையும் தனியாகப் பழக்க வேண்டும். 'கிட்ட வராதே' என்று அடிவயிற்றிலிருந்து கத்த 40 பேரில் பாதிப் பேருக்கு முதல் வாரம் வாயே வராது. கூட்டமாகக் கத்தவைத்து, பிறகு ஐந்தைந்து பேராக, பிறகு தனியாக என்று கொண்டுபோங்கள். ஒவ்வொரு பயிற்சியும் ஓடுவதில் முடிய வேண்டும்: விடுபட்டதும் நின்று அடிக்காமல், கத்திக்கொண்டே பத்து அடியாவது ஓடி, ஆள் நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள். தொல்லை கொடுப்பவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார். உறவினரின் முகத்தில் அடிக்க எந்தப் பிள்ளைக்கும் கை வராது. 'வேண்டாம்' என்று சொல்வது, அந்த இடத்தை விட்டு எழுந்து போவது, நம்பும் பெரியவரிடம் அன்றே சொல்வது – இவற்றையும் ஒரு வகுப்பில் நடித்துப் பழகவையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லட்டும். அந்த வகுப்பை நீங்கள் மட்டும் எடுக்காமல், பிள்ளைகள் மனம்விட்டுப் பேசும் ஆசிரியை ஒருவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்ததும் யாராவது தயங்கி நின்றால், அவளோடு அவர் பேசட்டும்.