மறுமொழி: கேமரா வைத்தும் பைக் திருட்டு நிற்கவில்லை

தெருமுனைக் கம்பத்தில் கேமரா பொருத்திய பிறகும் இரண்டு பைக்குகள் போய்விட்டன, பதிவில் ஹெல்மெட் மட்டுமே தெரிகிறது, இன்னும் நான்கு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போது வாங்காதீர்கள்.

அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் உச்சந்தலைதான் கிடைக்கும். தெருவுக்குள் நுழையும் குறுகலான இடத்தில், முகம் விழும்படி அந்தக் கேமராவையே தாழ்த்தி வையுங்கள். இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி பட்டால் நம்பர் பிளேட் வெறும் வெள்ளைக் கட்டமாகிவிடும். அங்கே நல்ல விளக்கு ஒன்றைப் போட்டு, அகச்சிவப்பை அணைத்துப் பாருங்கள்.

கண்காணிப்புக் கேமராக்கள் பற்றிய 40 ஆண்டுகால ஆய்வுகளை 2019-இல் ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். கேமரா உள்ள இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்திருந்தது. வாகன நிறுத்தங்களில் 37 சதவீதம். அடிதடியில் சொல்லும்படியான மாற்றமே இல்லை. ஆள் உட்கார்ந்து கவனித்த இடங்களில் பலன் கூடுதல். ஆகவே பைக்குகளை ஒரே இடத்தில் சேர்த்து நிறுத்தச் சொல்லுங்கள், கேமரா அதைப் பார்க்கட்டும்.

பதிவு எத்தனை நாளில் அழிகிறது, அதில் காட்டும் நேரம் சரியா என்று இன்றே பாருங்கள். திருட்டு நடந்த இரவின் காட்சியை உடனே தனியாக எடுத்து வைக்காவிட்டால், அதன்மேல் புதுப் பதிவு ஏறிவிடும்.