லேபிள் பின்கட்டிலிருந்து வரும்: எம்பிஎல்எஸ் கேள்வி பதில்

எம்பிஎல்எஸ் என்பது, ரவுட்டர்கள் பாக்கெட்டின் (அனுப்பும் தரவுத் துண்டின்) மேல் ஒட்டிய எண்ணை, அதாவது லேபிளை, மட்டும் பார்த்து அதை அடுத்த ரவுட்டருக்கு அனுப்பும் முறை. அதுபற்றிப் போன ஞாயிறு காரைக்குடியில் கூடியபோது நேரம் போதாமல் விட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: அண்ணே, லேபிள் பாதையை எந்த ரவுட்டர் போடுகிறது? முதலில் இருப்பதா, கடைசியில் இருப்பதா?

கடைசியிலிருந்துதான் ஆரம்பம், தம்பி. நம்மூர்ப் பெரிய வீட்டு முகப்பில் நின்றால் வளவைத் தாண்டிப் பின்வாசல் வரை நேராகத் தெரியுமே, அதை நினைத்துக்கொள். பாக்கெட் முகப்பில் நுழைந்து பின்வாசலுக்குப் போகிறது. லேபிளோ பின்கட்டிலிருந்து முகப்புக்கு வருகிறது. ‘எனக்கு அனுப்பினால் இந்த எண்ணை ஒட்டி அனுப்பு’ என்று அடுத்த ரவுட்டர் முந்தைய ரவுட்டரிடம் சொல்லிவைக்கும்.

ஒரு பேச்சுக்குக் காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று நாலு ரவுட்டர். போய்ச் சேர வேண்டியது கானாடுகாத்தானின் லூப்பேக் (அந்த ரவுட்டரின் சொந்த முகவரி), 10.0.0.4. அது பள்ளத்தூரிடம் 3 என்கிறது. 3 ஒட்டுவதற்கான எண் இல்லை. ‘லேபிளைக் கழற்றிவிட்டுக் கொடு’ என்று அர்த்தம். பள்ளத்தூர் கோட்டையூரிடம் 30 என்கிறது. கோட்டையூர் காரைக்குடியிடம் 20 என்கிறது. பாதை தயார். காரைக்குடி 20 ஒட்டி அனுப்பும், கோட்டையூர் அதை 30 ஆக்கும், பள்ளத்தூர் கழற்றி வெறும் ஐபி பாக்கெட்டாகக் கொடுக்கும். நடுவில் யாரும் ஐபி முகவரியைத் தேடுவதில்லை.

அந்த 20 கோட்டையூருக்குள் மட்டும் செல்லும் எண். பள்ளத்தூர் அதே 20-ஐ வேறொரு பாதைக்குக் கொடுத்திருந்தாலும் சண்டை வராது. இது பிடிபடாமல்தான் பாதிப்பேர் குழம்புகிறார்கள்.

தேவகோட்டை: ரவுட்டர்கள் லேபிளைச் சொல்லிக்கொள்ள எல்டிபி நெறிமுறை போதுமா, ஆர்எஸ்விபி-டிஇ வேண்டுமா?

எல்டிபி பக்கத்து ரவுட்டரை யுடிபி போர்ட் 646-இல் ஹலோ சொல்லிக் கண்டுபிடித்து, டிசிபி போர்ட் 646-இல் லேபிளைப் பேசி முடிக்கும். ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் வழி கண்டுபிடிக்கும் நெறிமுறை) காட்டும் வழிதான் அதற்கும் வழி.

ஆர்எஸ்விபி-டிஇ பழனிப் பாதயாத்திரை மாதிரி. எந்தெந்த ஊர் வழியாகப் போவது என்று முன்னாலேயே தீர்மானிக்கலாம். ‘பாத்’ செய்தி முன்னே போகும். ‘ரெஸ்வி’ லேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வரும். பாதைக்கென்று பேண்ட்விட்த் (தரவு போகும் கொள்ளளவு) ஒதுக்கவும், இணைப்பு அறுந்தால் உடனே மாற்றுவழிக்குத் தாவவும் இது நல்லது. பத்து ரவுட்டர் வைத்துக்கொண்டு இதை இழுத்துப் போடுவது வீண் வேலை என்பேன்.

பள்ளத்தூர்: போன பாதையிலேயே பதிலும் வருமா?

வரவேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வொன்றும் ஒருவழிப் பாதை. திரும்புவதற்குத் தனி லேபிள்கள்.

புதுவயல்: எல்டிபி ‘அப்’ என்கிறது, பிங் (சிறு சோதனைப் பாக்கெட்) போகிறது, விபிஎன்-இல் (வாடிக்கையாளரின் தனி வலைப்பின்னலில்) பெரிய கோப்பு மட்டும் நிற்கிறதே, சார்?

எம்டியூ-வை, அதாவது ஓர் இணைப்பு தாங்கும் பாக்கெட்டின் உச்ச அளவைப் பாருங்கள். ஒரு லேபிள் 4 பைட். விபிஎன்-க்கு இரண்டு ஒட்டுவதால் 1500 பைட் பாக்கெட் 1508 ஆகிவிடும்; 1500 மட்டுமே தாங்கும் இணைப்பில் அது நுழையாது. இது தெரியாமல் ஒரு வாடிக்கையாளர் இடத்தில் ராத்திரி முழுக்க கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன். துண்டாக்காதே என்ற பிட்டைப் போட்டு, ஐபி பாக்கெட்டின் மொத்த அளவை ஏற்றி ஏற்றி பிங் கொடுங்கள். 1492 போய் 1493 நின்றால், நடுவில் உள்ள இணைப்புகளில் எம்டியூ-வை ஏற்றுங்கள். கேபிளைத் தொடவேண்டாம்.