முன்மாதிரிக் காரில் குறைக்கப்பட்ட வேகம்

கேள்வி: எங்கள் வீட்டில் அப்பப்பா காலத்து மொறிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. ஐரோப்பியப் பந்தயங்களில் வென்ற மினி கூப்பரிலும் இதே எஞ்சின்தான் இருந்தது என்று கராச்சுக்காரர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையா? அந்தக் கார் எப்படி உருவானது?
– வாசகர், கொக்குவில்

பதில்: உங்கள் கார் 1952க்குப் பிந்தியதாயின் கராச்சுக்காரர் சொன்னது ஏறக்குறையச் சரி. 1948இல் வெளிவந்த மைனரில் 918 சிசி பழைய எஞ்சினே இருந்தது. 1952இல் மொறிஸும் ஒஸ்ரினும் ஒரே நிறுவனமான பின்னர், ஒஸ்ரின் ஏ30க்கென உருவாக்கப்பட்ட 803 சிசி 'ஏ வரிசை' எஞ்சின் மைனருக்கும் வந்தது. மினியில் உள்ளது அதன் உடன்பிறப்பு. இரண்டு கார்களையும் வடிவமைத்தவரும் அலெக் இசிகோனிஸ் என்ற ஒரே மனிதர்தான். உங்கள் காரின் பொனற்றைத் தடவிப் பாருங்கள்: நடுவே நீளவாட்டில் தட்டையான பட்டை ஒன்று கையில் தட்டுப்படும். மைனரின் முன்மாதிரி ஒடுக்கமாகத் தெரிந்ததால், இசிகோனிஸ் அதை நெடுக்காக இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்துத் திருப்தியடைந்தார். அந்த இடைவெளியின் தழும்புதான் அது.

1956இல் சுயஸ் நெருக்கடியால் பிரித்தானியாவில் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தபோது, சிறிய கார் ஒன்றை விரைந்து செய்யுமாறும், ஏற்கெனவே உற்பத்தியிலுள்ள எஞ்சினையே அதில் பயன்படுத்துமாறும் நிறுவனத் தலைவர் லெனார்ட் லோர்ட் இசிகோனிஸிடம் கூறினார். அவர் எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்ப்பெட்டியை அதன் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அடக்கினார். அதுவே மினி. 1957இல் ஓடிய அதன் முன்மாதிரிகளுக்கு, அவற்றின் நிறத்தை வைத்து, 'தோடம்பழப் பெட்டி' என்று செல்லப்பெயர் விழுந்தது.

அந்த முன்மாதிரியில் இருந்தது 948 சிசி எஞ்சின். அது மணிக்கு 90 மைலைத் தாண்டியதால், சாதாரண குடும்பக் காருக்கு இவ்வளவு வேகம் ஆகாதென்று கருதி எஞ்சினை 848 சிசியாகக் குறைத்தனர். வேகம் 70 மைலைச் சற்றுக் கடந்ததோடு நின்றது. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபிரேற்றர் முன்புறம் நோக்கியிருந்தது; அதில் குளிர்காலத்தில் பனி உறைந்ததால் எஞ்சினையே திருப்பி வைக்கவும் நேர்ந்தது. காபிரேற்றர் பின்னால் போக, தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ரிபியூட்டர் முன் கிறிலுக்கு நேரே வந்தது. மழைத் தண்ணீர் அதில் தெறித்து எஞ்சின் நின்றுவிடுவது தொடக்ககால மினிகளின் தீராத நோயாயிற்று. நமது ஐப்பசி மழைக்குச் சற்றும் ஒவ்வாத ஏற்பாடு!

1959 ஓகஸ்ற்றில் விற்பனைக்கு வந்த அந்தக் காரின் இழந்த வேகத்தை மீட்டவர் பந்தயக் கார்கள் செய்துவந்த ஜோன் கூப்பர். 1959இலும் 1960இலும் ஜக் பிரபாம் போர்முலா வன் பந்தயங்களில் உலகச் சம்பியனானது இவருடைய கார்களில்தான். பொதுமக்களுக்கெனச் செய்ததைப் பந்தயத்துக்கு விட இசிகோனிஸ் அவ்வளவாக விரும்பவில்லை. ஆயினும் நிறுவனம் இணங்கியது; 997 சிசி எஞ்சின், 55 குதிரைவலு, முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் ஆகியவற்றுடன் 1961இல் மினி கூப்பர் பிறந்தது. அவ்வாண்டு பிரித்தானிய சலூன் கார்ச் சம்பியன் பட்டத்தை 848 சிசி மினியிலேயே ஜோன் விற்மோர் வென்றிருந்தார்; மறு ஆண்டு கூப்பரில் ஜோன் லவ் வென்றார். 1963இல் 1071 சிசியுடன் கூப்பர் எஸ் வந்தது. 1964 மொன்ரி கார்லோ ரலிப் பந்தயத்தில் பாடி ஹொப்கேர்க் அதிலேயே முதலிடம் பெற்றார். 1965, 1967 வெற்றிகளும் மினிக்கே. 1966இலும் முதல் மூன்று இடங்களையும் மினிகள் பிடித்தபோதிலும், முன்விளக்கு விதிக்கு ஒவ்வாதது என்று காரணங்காட்டி அவற்றை விலக்கினர். எனக்கு அது இன்றும் சிறுபிள்ளைத்தனமாகவே படுகிறது.

கேள்வி: பெற்றோல் தடைப்பட்டிருந்த தொண்ணூறுகளில் நமது மைனர்கள் மண்ணெண்ணெயில் ஓடினவே, மினி கூப்பரும் அப்படி ஓடியிருக்குமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: சிரமப்பட்டிருக்கும். மண்ணெண்ணெய் அதிக அழுத்தத்தைத் தாங்காமல் உரிய நேரத்துக்கு முன்னரே பற்றிக்கொள்ளும். 803 சிசி மைனரின் அழுத்த விகிதம், அதாவது எரிபொருட் கலவையை எஞ்சின் எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற அளவு, 7.2 மட்டுமே, ஆகவே போத்தலிலிருந்து சிறிது பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் புகைந்தபடியேனும் அது ஓடும். கூப்பரின் விகிதம் 9. ஏற்றத்தில் ஏறும்போதே அதன் எஞ்சின் சம்மட்டியால் அடிப்பதுபோல் தட்டத் தொடங்கியிருக்கும். யாழ்ப்பாணத்தில் ஏற்றமே இல்லையென்பது வேறு கதை.