வெள்ளைத்தாடியா, ஜெயித்த டெக்கா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன், வயது 24, ஐடி வேலை. ஒன் பீஸ் அனிமேயை வைத்து வந்த கார்டு கேம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் சிவப்பு லூஃபி ஸ்டார்ட்டர் டெக் (புதியவர்களுக்கான கார்டுக் கட்டு) ஒன்று வாங்கினேன். மூன்று ஞாயிறாக இந்திராநகரில் ஒரு கஃபேயில் நடக்கும் போட்டிக்குப் போகிறேன். இதுவரை 11 ஆட்டம், ஜெயித்தது 2. கார்டு பலம் போதவில்லை. அங்கே வரும் நண்பர்கள், போன மாதம் பெரிய போட்டியில் ஜெயித்த டெக்கின் பட்டியலைப் பார்த்து 50 கார்டையும் அப்படியே வாங்கு, மற்றதெல்லாம் நேர விரயம் என்கிறார்கள். எனக்கோ அந்த அனிமேயில் வரும் கிழக் கடற்கொள்ளைத் தலைவன் வெள்ளைத்தாடியை லீடராக வைத்து ஆட ஆசை. பள்ளிக்கூட நாளில் மரீன்ஃபோர்ட் போர் வரும் பகுதியைப் பார்த்து அழுதவன் நான். அங்கே பிள்ளைகளுக்காக நின்றபடியே செத்துப்போன மனுஷன் வெள்ளைத்தாடி. ஆனால் அந்த டெக் பழசு, வேலைக்கு ஆகாது என்கிறார்கள். பொதுவாக நான் அவசரப்படாமல், எதிராளியைக் கட்டிப்போட்டு ஆடுகிறவன். கையில் எட்டாயிரம் ரூபாய் இருக்கிறது, இரண்டு முறை செலவழிக்க வழியில்லை. எதை வாங்கட்டும்?

எம்.,
பெங்களூரு

அன்புள்ள எம்.,

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். அந்த எட்டாயிரம் அப்படியே இருக்கட்டும்.

தோற்ற 9 ஆட்டத்தையும் "கார்டு பலம் போதவில்லை" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். கடிதத்தில் எனக்கு உறுத்தியது அதுதான். ஸ்டார்ட்டர் டெக்குக்கு ஓர் எல்லை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்பதுமே அதனால்தான் போயிற்றா? எந்த டர்னில் ஆட்டம் கைவிட்டுப் போனது என்று ஒன்றிரண்டையாவது உங்களால் சொல்ல முடிகிறதா? முடியாது என்றால், ஜெயித்த டெக்கை வாங்கினாலும் அதே ஒன்பது தோல்வி இன்னும் கொஞ்சம் அதிக விலையில் வரும். எனக்கு வந்தது.

இந்த ஆட்டம் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். பான்டாய் என்ற ஜப்பானிய நிறுவனம் 2022-இல் கொண்டுவந்த ஆட்டம் இது. ஒரு லீடர் கார்டு, அதன் நிறத்துக்குப் பொருந்தும் 50 கார்டு, அப்புறம் 10 டான் கார்டு. டான்தான் காசு. கார்டை இறக்கவும் அதுதான், தாக்கும்போது ஒரு டானுக்கு ஆயிரம் என்று பவர் ஏற்றவும் அதுதான். லீடருக்குப் பெரும்பாலும் 4 அல்லது 5 லைஃப், அதாவது அத்தனை கார்டு கவிழ்த்து வைத்திருக்கும். அடி விழுந்தால் மேலே இருக்கும் லைஃப் கார்டு உங்கள் கைக்கு வரும். லைஃப் தீர்ந்த பிறகு விழும் அடியில் ஆட்டம் முடியும். கையில் இருக்கும் கார்டுகளில் பலவற்றுக்கு 1000, 2000 என்று கவுண்டர் மதிப்பு உண்டு. அடி விழும்போது அதைத் தூக்கிப் போட்டுத் தடுக்கலாம்.

2024 தொடக்கத்தில் எங்கள் மேசையில் எங்கே பார்த்தாலும் மஞ்சள் எனெல் லீடர் பற்றித்தான் பேச்சு. நானும் ஒரு பட்டியலைப் பார்த்து 50 கார்டையும் வாங்கினேன். சில கார்டுகள் ஊரிலிருந்து திரும்பி வந்த தோழி ஒருத்தி கொண்டுவந்தது, மீதி இங்கே ஆள் ஆளாகத் தேடி வாங்கியது. முதல் ஞாயிறு எதிரே உட்கார்ந்தது கல்லூரிப் பையன், சிவப்பு ஜோரோ டெக். அந்த ஒரு டர்ன் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. என் லைஃப் 3, கையில் 4 கார்டு: 2000 கவுண்டர் இரண்டு, 1000 கவுண்டர் இரண்டு. ஜோரோவுக்கு இரண்டு டான் ஏற்றி 7000-த்தில் அடித்தான். என் லீடர் 5000. சமமாக இருந்தாலே அடி விழுந்துவிடும் என்பதால் 2000 போதாது, 3000 வேண்டும். ஒரு 2000, ஒரு 1000 போட்டுத் தடுத்தேன். அடுத்துத் தாக்கிய கார்டு 6000, இன்னொரு 2000 போனது. மூன்றாவது 5000, மிச்சமிருந்த 1000-மும் போனது. லைஃப் மூன்றும் பத்திரம், கை காலி. என் டர்னில் ஒரே ஒரு கார்டு எடுத்தேன். எட்டு டான் முன்னால் கிடக்கிறது, செலவழிக்க ஒன்றுமில்லை. அதற்கப்புறம் இரண்டு டர்னில் முடிந்தது.

கார்டுகளை அடுக்கிக்கொண்டே அந்தப் பையன் சொன்னான்: "அக்கா, முதல் ரெண்டு அடியை வாங்கியிருக்கலாமே. கையில ஆறு கார்டு இருந்திருக்கும். எனெல் லைஃப் போனாத்தானே வேலையே செய்யும்."

அவன் சொன்னது அத்தனையும் சரி. எதிராளியின் டர்னில் லைஃப் பூஜ்யத்துக்கு வந்தால், டெக்கிலிருந்து ஒரு கார்டு லைஃபாக ஏறும், பதிலுக்குக் கையிலிருந்து ஒரு கார்டைத் தூக்கிப் போட வேண்டும். இதுதான் எனெல். லைஃப் கரையக் கரையக் கையில் கார்டு சேர்ந்து, கடைசியில் அந்த ஒரு லைஃபைப் பிடித்துத் தொங்கி எதிராளியைக் களைக்க வைக்கிற டெக். நான் அதைக் கோட்டைக்குக் காவல் நிற்பதுபோல ஆடினேன். அந்த 50 கார்டையும் தேர்ந்தெடுத்தவருக்கு எந்த அடியை வாங்குவது, எதைத் தடுப்பது என்பது விரல் நுனியில் இருந்திருக்கும். பட்டியலில் அது வராது. வாங்கியது அவருடைய கார்டு, ஆடியது என் பழக்கம்.

அதனால்தான் உங்கள் தோல்விகளைக் கேட்டேன். தோற்றது ஏன் என்று ஆட்டம் முடிந்த கையோடு உங்களுக்கே விளங்குகிற டெக் எதுவோ அதை எடுங்கள். அதில் மூன்று மாதம் ஆடினால் நிச்சயம் மேலே போவீர்கள். எவ்வளவு பெரிய போட்டியில் ஜெயித்த டெக்காக இருந்தாலும், தோற்றபின் "என்னவோ நடந்தது, தெரியவில்லை" என்று எழுந்து வருகிறீர்கள் என்றால் அது இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

சரி, வெள்ளைத்தாடிக்கு வருவோம். அந்தச் சிவப்பு லீடர் கார்டை நிதானமாகப் படித்தீர்களா? பவர் 6000, லைஃப் 6. பார்க்க மலை மாதிரி இருக்கும். 5000-த்தில் வருகிறவன் டான் ஏற்றாமல் அவரைத் தொடக்கூட முடியாது. ஆனால் கீழே ஒரு வரி இருக்கிறது: உங்கள் ஒவ்வொரு டர்ன் முடிவிலும் மேலே இருக்கும் லைஃப் கார்டு உங்கள் கைக்கு வந்துவிடும். எதிராளி விரலைக்கூட அசைக்காவிட்டாலும் ஆறு டர்னில் லைஃப் காலி. அனிமேயில் உடம்பெல்லாம் மருந்துக் குழாயோடு உட்கார்ந்திருக்கும் கிழவரை நினைத்துப் பாருங்கள். இதை வடிவமைத்தவர் கதையை எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். கை நிறைந்துகொண்டே போகும், நேரம் குறைந்துகொண்டே வரும், அதற்குள் நீங்கள் எதிராளியை முடித்தாக வேண்டும்.

நீங்களோ அவசரப்படாமல் எதிராளியைக் கட்டிப்போட்டு ஆடுகிறவன் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நேசிப்பது அசையாமல் நின்று காக்கும் தகப்பனை. அந்தக் கார்டு உங்களிடம் கேட்பது ஓட்டம். இரண்டும் ஒத்துப்போகுமா என்பது ஆடினால்தான் தெரியும். ஆசைப்பட்டதை விட்டுவிடச் சொல்ல நான் யார்? மரீன்ஃபோர்ட்டைப் பார்த்து அழுதவர் அந்தக் கார்டைக் கையில் பிடித்தால் ஒவ்வொரு ஞாயிறும் மேசைக்கு வருவார், தோற்றாலும் வருவார். அது சின்ன விஷயம் இல்லை.

கட்டிப்போட்டு ஆடத்தான் பிடிக்கும் என்றால் நிறங்களில் கருப்பைப் பாருங்கள், எதிராளியின் ஆட்களின் காஸ்ட்டை, அதாவது இறக்க ஆகும் டான் கணக்கை, குறைத்து, குறைந்தவனை அடித்துத் தூக்குவது அதன் வேலை. பச்சை எதிராளியின் ஆட்களைப் படுக்க வைத்து எழவிடாமல் செய்யும். நீலம் அவர்களைக் கைக்கோ டெக்கின் அடிக்கோ அனுப்பும். நீலத்திலேயே நாமி லீடர் ஒன்று உண்டு, டெக் தீர்ந்தால் எல்லாரும் தோற்பார்கள், அவள் ஜெயிப்பாள். அதை ஆட ரொம்பப் பொறுமை வேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் எந்தப் பட்டியலையும் இரண்டு விதமாகச் சோதித்துப் பாருங்கள். ஒன்று டான் கணக்கு. முதலில் ஆடுகிறவருக்கு 1, 3, 5, 7, 9, கடைசியில் 10 என்று டான் ஏறும். இரண்டாவதாக ஆடுகிறவருக்கு 2, 4, 6, 8, 10. ஆகவே ஒரு டெக்கின் முக்கியமான கார்டுகள் எல்லாம் 4-லும் 8-லும் இருந்தால் அது இரண்டாவதாக ஆடத்தான் ஆசைப்படுகிறது. யார் முதலில் என்பது ஒவ்வொரு முறையும் உங்கள் கையில் இருக்காது, இஷ்டமில்லாத பக்கம் விழுந்தால் அந்த டெக் மூன்றாவது டர்னில் என்ன செய்யும் என்று கேட்டுப் பாருங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, தெரியாமலே பல மாதம் ஆடியிருக்கிறேன்.

இன்னொன்று, வேண்டிய கார்டு கைக்கு வருமா என்பது. ஒரு கார்டை அதிகபட்சம் 4 வைக்கலாம். 50-இல் 4 இருந்தால் முதல் 5 கார்டில் அது ஒன்றாவது வருவதற்குச் சுமார் 35 சதவீத வாய்ப்பு. ரம்மியில் கை சரியில்லை என்றால் ஸ்கூட் விடுவோமே, அதுபோல இங்கே ஒரு முறை ஐந்தையும் திருப்பி வைத்து வேறு ஐந்து எடுக்கலாம். அதையும் சேர்த்தால் 58. அதே வேலையைச் செய்யும் கார்டு 8 இருந்தால் 60, மாற்றி எடுத்தால் 84. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். ஒரே ஒரு அபூர்வ கார்டை இரண்டு பிரதி வைத்துக்கொண்டு அதை நம்பி நிற்கும் டெக்கைவிட, மேலே ஐந்து கார்டைப் புரட்டி வேண்டியதை எடுத்துத் தரும் சர்ச்சர்கள் நிறைய இருக்கும் டெக் புதியவருக்கு நல்லது. ஒவ்வொரு ஆட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரி தொடங்கும், அப்போதுதான் தவறு எங்கே என்று ஒப்பிட முடியும்.

அந்தப் பெரிய போட்டிப் பட்டியல் ஜெயித்தது வேறு ஊரில், வேறு டெக்குகளுக்கு எதிராக. நீங்கள் உட்காரப் போவது இந்திராநகரில். ஒரு ஞாயிறு ஆடாமல் போய் யார் யார் எந்த லீடரை வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். அங்கே பாதிப் பேர் சிவப்பில் பாய்ந்து அடிக்கிறார்கள் என்றால், மெதுவாக மூச்சு வாங்கி எழுந்திருக்கும் டெக் எவ்வளவு பேர் போனதாக இருந்தாலும் நான்கு சுற்றில் நாக்குத் தள்ளிவிடும்.

அப்புறம் காகிதம். ஏ4 தாளைக் கார்டு அளவுக்கு வெட்டி, பால்பாயிண்டில் எழுதி, உங்கள் ஸ்டார்ட்டர் கார்டுகளின் மேலேயே ஸ்லீவுக்குள் செருகுங்கள். வெள்ளைத்தாடி ஒன்று, கருப்பில் உங்களுக்குப் பிடித்த ஒரு லீடர் ஒன்று. ஒவ்வொன்றிலும் 20 ஆட்டம், பத்து முதலில், பத்து இரண்டாவதாக. போட்டியில் இதை அனுமதிக்க மாட்டார்கள், ஆனால் சுற்றுகள் முடிந்தபின் இன்னொரு காபி சொல்லிவிட்டு உட்கார்ந்தால் யாரும் மறுப்பதில்லை, எங்கள் மேசையில் எல்லாரும் செய்கிறோம். தோற்கும்போது மட்டும் ஒரு வரி எழுதுங்கள்: எந்த டர்ன், என்ன செய்தேன், வேறு என்ன செய்திருக்கலாம். எந்த டெக்கில் அந்த வரியை எழுத முடிகிறதோ அதற்குப் பணத்தை எடுங்கள்.

எடுக்கும்போதும் முதலில் சர்ச்சர்களையும் 2000 கவுண்டர் கார்டுகளையும் வாங்குங்கள். லீடர் மாறினாலும் அதே நிறத்தில் அவற்றில் பல உங்களோடு இருக்கும். பளபளக்கும் மாற்றுப் படக் கார்டு ஒன்றுகூட வேண்டாம், அதே வேலையைச் சாதாரண அச்சும் செய்கிறது. வெள்ளைத்தாடிதான் என்று முடிவானால் பணம் கொடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: பழைய பிளாக் (வெளியான காலத்தைக் காட்ட கார்டில் இருக்கும் எண்) கார்டுகள் எதுவரை செல்லும், எந்தக் கார்டுக்குத் தடை என்று பான்டாய் அறிவிக்கும். கூடவே, நடத்துபவரிடம் எந்த மொழிக் கார்டுகளை ஏற்பார் என்றும் கேளுங்கள். ஜப்பானியக் கார்டு மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிவிட்டு வாசலிலேயே நின்றவர்களை எனக்குத் தெரியும். போட்டியில் செல்லாது என்று தெரியவந்தால் அந்தக் காகித டெக்கைக் கிழித்துவிடாதீர்கள், கடைசி மேசையில் அதை ஆட எப்போதும் ஆள் இருக்கும்.

நான் அல்சூரில் இருக்கிறேன், இந்திராநகர் மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன். வருகிற ஞாயிறு மூன்று மணிக்கு மேல் அந்தக் கஃபேயில்தான் இருப்பேன். என் பையில் இப்போது ஜோரோ டெக் இருக்கிறது, உங்கள் வெள்ளைத்தாடிக்கு எதிராக முதல் ஐந்து ஆட்டம் நானே ஆடுகிறேன். காகிதத்தில் எழுதும்போது காஸ்ட், பவர், கவுண்டர் மூன்றையும் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள், எதிரே இருந்து நான் தலைகீழாகப் படிக்க வேண்டும்.