எல்லாக் கல்யாணப் பத்திரிகையும் ஒரே மாதிரி வருகிறதே, என்ன செய்ய?

வாசகி ஒருவரின் கேள்வி: "அழகாக எழுதும் எழுத்துக் கலையை (கலிகிராஃபி) பொழுதுபோக்காக ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது தெரிந்தவர்கள் கல்யாணப் பத்திரிகையைக் கையால் எழுதித் தரச் சொல்கிறார்கள். ஐந்து ஜோடிகளுக்குச் செய்துவிட்டேன். ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெயர் மட்டும்தான் வேறு. பூவை மாற்றினேன், கொடியை மாற்றினேன், நிறத்தை மாற்றினேன். ஒன்றும் சரிவரவில்லை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஏற்ற மாதிரி செய்ய எங்கிருந்து தொடங்குவது?"

பூவையும் கொடியையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அவற்றை மாற்றினால் சுற்றியிருப்பது மாறும், எழுத்து அப்படியேதான் இருக்கும். உங்கள் ஐந்து பத்திரிகைகளிலும் வேறாக இருப்பது பெயர் மட்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, விடையும் அதில்தான் இருக்கிறது. அந்த இரண்டு பெயர்களையும் பென்சிலால் ஓர் இருபது தடவை சும்மா எழுதிப் பாருங்கள். எந்த எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்குகிறது, எது மேலே சுழிக்கிறது, எத்தனை புள்ளி வருகிறது என்று கவனியுங்கள்.

யாழினி, எழில் என்று ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பெயரிலும் 'ழி' இருக்கிறது. யாழினியை மேலேயும் எழிலைக் கீழேயும் எழுதி, இரண்டு ழகரமும் ஏறக்குறைய நேர்க்கோட்டில் வரும்படி நகர்த்துங்கள். மேலே இருக்கும் ழகரத்தின் வால் இறங்கி வந்து, கீழே இருக்கும் 'ழி'யின் மேல் வளைவில் போய்ச் சேரும். அவ்வளவுதான், டிசைன் முடிந்தது. அதற்குமேல் ஒரு பூ வைத்தாலும் கெட்டுவிடும்.

கீர்த்தனா, விக்னேஷ் என்றால் கதை வேறு. நான்கு புள்ளிகள், மேலே சுழிகள்; கோட்டுக்கு மேலேதான் கூட்டம். அப்போது வரிக்கு மேலே தாராளமாக வெள்ளை இடம் விட்டு, அந்தச் சுழிகளை அங்கே நீட்டி விளையாட விடுங்கள். புள்ளிக்குப் பதில் பூவோ இதயமோ போடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு புள்ளிக்கு மட்டும் போடலாம். நான்குக்கும் போட்டால் எது புள்ளி, எது அலங்காரம் என்று தெரியாமல் போய், படிப்பவர் 'விகனேஷ' என்று தடுமாறுவார்.

ஒரு பெயர் சின்னதாகவும் மற்றது நீளமாகவும் இருப்பது அடிக்கடி வரும் தலைவலி. உமா, இளஞ்செழியன். உமாவைப் பெரிதாக்கி அகலத்தைச் சமன் செய்யத்தான் முதலில் தோன்றும். செய்யாதீர்கள், கோட்டின் தடிமன் மாறி, ஒருவர் சத்தமாகவும் ஒருவர் மெதுவாகவும் பேசுவது போல ஆகிவிடும். ஒரே நிப், ஒரே உயரம். உகரத்தின் அடிக்கோட்டை நீட்டி மாவுக்கு அடியில் ஓடவிட்டால் அகலம் தானாக வந்துவிடும். எழுத்துகளுக்கு இடையில் இடைவெளி விட்டும் அகலப்படுத்தலாம், ஆனால் துணைக்காலையும் கொம்பையும் அவற்றின் மெய்யை விட்டுப் பிரிக்கக் கூடாது. ஆங்கிலத்துக்குச் செய்வது போல எல்லா இடத்திலும் ஒரே அளவு விட்டால் 'மா' என்பது 'ம', 'ா' என்று உடைந்து, அந்தக் கால் ரகரம் போலத் தெரியும். கௌதம், சௌமியா போன்ற பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். ஔகாரக் குறியின் வலப்பக்கத்தை முழு ளகரமாக எழுதினால் 'கெளதம்' ஆகிவிடும். அதை மற்ற எழுத்துகளை விடச் சின்னதாக, ககரத்தை ஒட்டி எழுதுங்கள்.

பேனாவைத் தேர்ந்தெடுப்பதில்தான் அந்த ஜோடியின் குணம் உள்ளே வரும். முனை தட்டையாக இருக்கும் நேர்முனை நிப்பை வரிக்கோட்டுக்கு 30 பாகை சாய்வில் பிடித்தால் நிமிர்கோடு தடிமனாகவும் கிடைக்கோடு மெலிந்தும் விழும். ப, ட, ம எல்லாம் கம்பீரமாக நிற்கும். 45 பாகையில் இரண்டும் ஒரே தடிமன். அடக்கமாக, கட்டுக்கோப்பாக இருப்பவர்களுக்கு இந்த நிப் பொருந்தும். அழுத்தினால் விரியும் கூர்முனை நிப் மென்மையானது, ஆனால் நிதானம் கேட்கும். வாய் ஓயாமல் சிரித்துப் பேசும் ஜோடிக்கு நான் பிரஷ் பேனாவைத்தான் எடுப்பேன். கோடு கொஞ்சம் பிசிறினாலும் அவர்களுக்கு அது அழகுதான்.

சரி, குணத்தை எப்படித் தெரிந்துகொள்வது? "என்ன ஸ்டைல் வேண்டும்?" என்று கேட்டால் எங்கோ பார்த்த பத்துப் படங்களை அனுப்புவார்கள், பத்தும் பத்து விதமாக இருக்கும். அதற்குப் பதில் அவர்கள் வீட்டு அலமாரியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட ஏதாவது ஒரு துண்டுச் சீட்டு இருந்தால் அதையும் கேளுங்கள். முக்கியமாக, இருவரும் தங்கள் பெயரைத் தங்கள் கையாலேயே எழுதித் தர வேண்டும். ஒருமுறை நான் போனில் கேட்டு 'சந்தியா' என்று எண்பது உறைகள் எழுதி முடித்தேன். அவர் எழுதுவது 'ஸந்த்யா'. எண்பதும் குப்பைக்குப் போயின, தப்பு முழுக்க என்னுடையது. கையெழுத்தை வாங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு: சில சமயம் அவர்கள் இயல்பாகச் சுழிக்கும் ஒரு சுழியே டிசைனாகிவிடும்.

பழமையில் பிரியம் உள்ளவர்களுக்கு ஒரு யோசனை. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு லை, னை, ணை, ளை ஆகியவை தும்பிக்கை போன்ற வளைவோடு எழுதப்பட்டன. கலையரசி என்ற பெயரில் அந்தப் பழைய 'லை'யை வைத்தால் வேறு அலங்காரமே தேவைப்படாது. இளையவர்கள் ஒரு நொடி திகைக்கலாம், அதனால் பெரிதாக எழுதும் பெயரில் மட்டும், மணமக்கள் சரி என்றால் மட்டும்.

நாள், நேரம், இடம் ஆகியவற்றை அலங்காரமாக எழுத வேண்டாம். பெயரும் தலைப்பு வரியும் கைவண்ணமாக இருக்கட்டும், மற்றதைத் தெளிவான அச்செழுத்தில் போடுங்கள். எழுத்தின் அளவை 10 பாயிண்டுக்குக் கீழே இறக்காதீர்கள், தமிழ் அந்த அளவில் அடைத்துக்கொள்ளும். பத்திரிகையைக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவரிடம் கை நீட்டும் தூரத்தில் காட்டி, எத்தனை மணிக்கு, எங்கே என்று கேளுங்கள். அவர் தேடினால் மாற்ற வேண்டியது உங்கள் வேலை.

ஜோடிக்குக் காட்டப் பென்சில் மாதிரி இரண்டு போதும். ஐந்து காட்டினால் ஒன்றின் தலையையும் இன்னொன்றின் வாலையும் ஒட்டச் சொல்வார்கள். திருத்தம் எல்லாம் பென்சில் கட்டத்தோடு முடிந்துவிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அச்சுக்குப் போவதற்கு முன் அச்சகத்தில் எந்த முறை என்று கேட்டுக்கொள்வது நல்லது. பெயரை ஒன்றரை மடங்கு பெரிதாக எழுதிச் சுருக்கினால் கை நடுக்கம் மறையும், ஆனால் மெல்லிய கோடும் கூடவே மெலியும். ஃபாயில், அதாவது பளபளக்கும் மெல்லிய படலம், அடிப்பதாக இருந்தால் மயிரிழைக் கோடுகள் அங்கங்கே விட்டுப்போகும். கொஞ்சம் தடிமனாகவே எழுதுங்கள். அடர் நிறத் தாளில் வெள்ளை எழுத்து கேட்டால் சாதாரண ஆஃப்செட் மை அதில் எடுபடாது, ஸ்கிரீன் பிரிண்டிங்கோ ஃபாயிலோதான் வழி. ஸ்கேன் 600 டிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) குறையாமல் இருக்கட்டும், கோட்டுச் சித்திரத்துக்கு 1200 இன்னும் நல்லது.

அப்புறம், இறுதிப் படியை எழுத உட்காரும்போது ஒவ்வொரு பெயரையும் அதே தாளில், அதே மையில், எழுந்திருக்காமல் மூன்று முறை எழுதி வையுங்கள். மறுநாள் "அந்த னகரம் மட்டும் கொஞ்சம்..." என்று போன் வரும். புதிதாக எழுதினால் கையின் அழுத்தம் ஒத்துப்போகாது. நேற்று எழுதிய இரண்டாவது படியிலிருந்து அந்த னகரத்தை ஸ்கேனில் வெட்டி ஒட்டிவிடலாம்.