கணக்கு நோட்டும் கிருபையும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எங்கள் சபையில் சண்டே ஸ்கூல் வாத்தியாராக இருக்கிறேன். ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்’ என்ற வசனத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவைக்கிறேன். எனக்குள் மட்டும் அது இறங்கமாட்டேன் என்கிறது. ஜெபிக்காமல் தூங்கிவிட்டால் பாக்கி வைத்த மாதிரி இருக்கிறது. உபவாசம் இருந்தால்தான் கொஞ்சம் நிம்மதி. போன வருஷம் வேலை போனபோதுகூட தேவன் கைவிடவில்லை. துபாயில் இருக்கும் தம்பி அனுப்பிய பணத்தை மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டேன், யாரிடமும் கைநீட்டாமல் சமாளித்தேன். கிருபையை ஈவாக ஏற்றுக்கொள்வது எப்படி? இலவசம் என்றால் மனிதன் துணிந்து பாவம் செய்யமாட்டானா? கத்தோலிக்கர் இதில் வேறு மாதிரி சொல்கிறார்களே, யார் சரி? வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கிற தசமபாகம் கட்டாயமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கத்தோலிக்கர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதியைப் பார்த்து அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரண்டு தரப்பும் அதில் ஒப்புக்கொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் தகராறு இறையியல் கல்லூரிக்காரர்களுக்குச் சோறு போடட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் போகிறபோக்கில் எழுதியது. தம்பியின் பணம். அதைச் சாட்சி சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எரிச்சலாக வந்தது, அதனால்தான் பதிலே எழுதுகிறேன்.

என் அப்பாவும் வாத்தியார்தான். சபைகளை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியில் இருந்தார், போதகர் இல்லாத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்வார், கிருபையைப் பற்றி நன்றாகவே பேசுவார். அம்மா இறந்தபோது எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்க ஆளில்லை. தெருவே சோறு கொண்டுவந்தது. எங்கள் பக்கம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். ஒரு பிடி சீனியோ இரண்டு பழமோ போட்டுத்தான் கொடுப்பார்கள். அம்மா இருந்தவரை அது பேச்சோடும் சிரிப்போடும் நடந்தது. அப்பா கைக்கு வந்ததும் தணிக்கை ஆகிவிட்டது. மளிகைக்கடை நோட்டின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். தேதி, வீடு, வந்த பண்டம், பாத்திரத்தின் அடையாளம். ‘எவர்சில்வர் தூக்கு, பெரியது, மூடியில் சொட்டை’ என்று அவருடைய குண்டு எழுத்து. கடைசிக் கட்டத்தில் ‘நேர் செய்யப்பட்டது’ என்று ஒரு டிக்.

அந்தச் சொட்டை மூடித் தூக்கு எதிர்வீட்டுப் பெரியம்மையுடையது. சர்ச் வாசலை மிதித்தவர் அல்ல, சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கிற வீடு. அவர் மீன்குழம்பு கொண்டுவந்த மறுநாளே அப்பா கடையில் அல்வா வாங்கி, தூக்கில் வைத்து, தெருவைத் தாண்டிப் போய் நீட்டினார். பெரியம்மை வாங்கவில்லை. “வாத்தியாரே, ஒங்க வீட்டுக்காரி செத்த வீட்டுக்கு நான் கொழம்பு வித்தேன்னு நெனச்சியளோ?” என்று கேட்டார். அப்பா அல்வாவோடு திரும்பி வந்தார். நோட்டில் அந்த வரிக்கு எதிரே டிக் போட முடியாமல் பல நாள் தவித்தார். அம்மாவை இழந்த துக்கத்தைவிட அந்தக் காலிக் கட்டம் அவரை அதிகம் தொந்தரவு செய்ததோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

நீங்களும் நோட்டுப் போடுகிறவர்தான், எஸ். இதைத் தாழ்மை என்று நினைத்துக்கொள்கிறீர்கள். இல்லை. கொடுக்கிறவன் கை மேலே இருக்கும், வாங்குகிறவன் கை கீழே இருக்கும். உங்கள் கை கீழே இருப்பது உங்களுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். இயேசு கால் கழுவ வந்தபோது அவருடைய சீஷன் பேதுருவும் இப்படித்தான் ‘நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது’ என்று முறுக்கினார். கேட்க எவ்வளவு பணிவாக இருக்கிறது! ‘நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை’ என்று பதில் வந்த பிறகுதான் காலை நீட்டினார்.

அப்பாவிடம் சொத்தில் பங்கு வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு, பன்றி மேய்த்துப் பட்டினி கிடந்து வீடு திரும்புகிற இளைய மகன், அந்தக் கெட்ட குமாரன் கதையைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருப்பீர்கள். லூக்கா 15ஐ எடுத்து 19ஆம் வசனத்தையும் 21ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பன்றிகளுக்கு நடுவே உட்கார்ந்து அவன் அப்பாவிடம் சொல்லவேண்டியதைத் தயார் செய்கிறான். பாவம் செய்தேன், குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரனல்ல, ‘உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்.’ வீட்டு வாசலில் அவன் அதைச் சொல்லும்போது கடைசி வாக்கியம் மட்டும் இல்லை. பாத்திரனல்ல என்பதோடு நின்றுபோகிறது. அடுத்த வசனத்தில் தகப்பன் வேலைக்காரர்களிடம் வஸ்திரம் எங்கே, மோதிரம் எங்கே என்று கூப்பாடு போட ஆரம்பித்துவிட்டார். அவர் குறுக்கே பேசினாரா, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டதில் மகனே விழுங்கிவிட்டானா என்று லூக்கா சொல்லவில்லை.

அந்தக் கூலிக்காரன் வாக்கியம் ஒரு பேரம், எஸ். நல்ல பேரம். கூலிக்காரனுக்கு மரியாதை உண்டு. சாயங்காலம் காசை எண்ணி வாங்கிக்கொண்டு யாருக்கும் எதுவும் பாக்கியில்லை என்று நடந்துவிடலாம். தின்றழித்த சொத்தைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பான். மகனுக்கு அந்த வசதி கிடையாது. மகன் எதையும் அடைக்க முடியாது, அடைக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. அப்பா விருந்துக்கு அடித்த கொழுத்த கன்றைக் கூச்சத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும். அவனுக்கு அன்றைக்கு விழுந்த தண்டனை அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அதே கதையில் மூத்த மகனைப் பாருங்கள். வீட்டைவிட்டே போகாமல் கூலிக்காரனாக இருந்தவன் அவன். ‘இத்தனை வருஷகாலமாய்’ ஊழியம் செய்தேன், ஒரு ஆட்டுக்குட்டியாவது கொடுத்தீரா என்று நோட்டை விரிக்கிறான். எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது என்கிறார் அப்பா. அது அவன் காதில் ஏறியதா என்று தெரியாமலே கதை நின்றுவிடுகிறது. உபவாசம் இருந்த நாள் நிம்மதி, இல்லாத நாள் பாக்கி என்று எழுதுகிற நீங்கள் எந்தப் பிள்ளை என்று நானா சொல்லவேண்டும்?

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லுத்தர் 1546 பிப்ரவரி 18 அன்று இறந்தார். இரண்டு நாள் முந்தி அவர் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தது. கிட்டத்தட்ட எல்லாம் லத்தீன். ‘நாம் பிச்சைக்காரர்கள்’ என்பது மட்டும் தாய்மொழியான ஜெர்மனில். வாழ்நாள் முழுக்கக் கிருபை, கிருபை என்று எழுதித் தள்ளிய மனிதர், கடைசியில் கை ஏந்திய நிலையில்தான் இருந்தார். அதில் அவருக்கு வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே இன்றைக்கே தம்பிக்குப் போன் போடுங்கள். வேலை இன்னும் சரியாக அமையவில்லை என்றால் பணம் அனுப்பச் சொல்லுங்கள். என்றைக்குத் திருப்பித் தருவேன் என்று மட்டும் தயவுசெய்து வாய்விட்டுவிடாதீர்கள். நீங்கள் திருப்பி அனுப்பிய அன்றைக்கு அந்தப் பிள்ளை தூரதேசத்தில் உட்கார்ந்து என்ன பாடுபட்டிருப்பான் என்று யோசித்தீர்களா? அண்ணனுக்குச் செய்ய ஒரு வாய்ப்பு என்று சந்தோஷப்பட்டிருப்பான். அதையும் பிடுங்கிக்கொண்டீர்கள்.

இலவசம் என்றால் துணிந்து பாவம் செய்வார்களே என்ற கேள்வி பவுல் காலத்திலேயே வந்துவிட்டது, அவர் எழுதிய ரோமர் நிருபத்தின் 6ஆம் அதிகாரம் அதற்குப் பதில்தான். ‘மலிவான கிருபை’ என்று திட்டி 1937இல் புத்தகம் எழுதிய ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர், ஹிட்லரை எதிர்த்து 1945 ஏப்ரலில் தூக்குமேடை ஏறினார். கிருபையைச் சாக்காக வைத்து எதுவும் மாறாமல் இருப்பவர்களைத்தான் அவர் திட்டினார். உங்களுக்கு அந்த வியாதி இல்லை, விடுங்கள்.

தசமபாகம் கட்டாயமா என்று உங்கள் போதகரிடம் கேளுங்கள். அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேலை இல்லாத வருஷத்திலும் அதை விடாமல் கட்டியிருப்பீர்கள் என்றுதான் எனக்குப் பயம்.

அன்புடன்,
அண்ணாச்சி